கடித்துக் கேட்ட மோட்டார்

ஜூலை 7, ஞாயிறு

பெட்ரோல் தெளிக்கிற இந்த இன்ஜெக்டரை விற்றவன் கையில் கிடைத்தால் காதைத் திருகிவிடுவேன். மோட்டாரை ஓடவிட்டால் இன்ஜெக்டர் திறந்து மூடுவது சுவர்க் கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று கேட்க வேண்டும். போன வருடம் கேட்டது. இன்றைக்குக் காதைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தும் ஊமை. அடைத்துக்கொண்டது என்று கழற்றிக் கழுவி, வெளியே வைத்துப் பெட்ரோல் அடித்துப் பார்த்தேன். சாம்பிராணிப் புகை மாதிரி அழகாகத் தெளிக்கிறது. திரும்ப மாட்டினால் மறுபடி ஊமை. ஆனால் வண்டி ஓடுகிறது. பாதி நாள் இதிலேயே போயிற்று.

ஜீவிதா வந்து குனிந்து பார்த்து, "டிக் டிக்குன்னு அடிக்குதுங்களே அண்ணி" என்றாள். அவளுக்கு எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். அப்படி ஒரு பிறவி.

ட்யூனிங் தொடங்கியாயிற்று, இனிமேல் நடப்பதை எழுதி வைக்க வேண்டும். வண்டி, பழைய இரும்புக் கடையில் எடுத்த ஐந்நூறு சிசி ஒற்றை சிலிண்டர் பைக். டர்போ, நொறுங்கிப்போன ஒரு சின்ன டீசல் காரிலிருந்து பிடுங்கியது. சைலன்சருக்குப் போகும் புகையே விசிறியைச் சுற்றி, அந்த விசிறி மோட்டாருக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். குழாய்கள் எல்லாம் நான் வெல்டு வைத்தது. கணபதி ஏரியாவில் என் வீட்டுக்காரர் சம்பத் நடத்தும் பேக்கரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மூடிய மில் ஒன்றிலிருந்து வாங்கிய கனமான இரும்பு ரோலரை அங்கே தரையில் பதித்திருக்கிறேன். வண்டி நின்ற இடத்தில் நிற்கும், பின்சக்கரம் ரோலரைச் சுற்றும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

கேட்பதுதான் என் சோலி. பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஓடுகிற மோட்டாரைத் தாண்டி நடந்துபோகும்போதே, இதில் பேரிங் போயிருக்கிறது, அதில் இல்லை என்று சொல்லிவிடுவேன். "வாணியக்கா காது வெச்சா வெச்சதுதான்" என்பார்கள்.

வண்டியை ஓட்டப்போகிறவள் ஜீவிதா. சம்பத்தின் தங்கை, எனக்கு நாத்தனார். டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லித் தருகிறாள். செப்டம்பர் பதினைந்தாம் தேதி உடுமலைப் பக்கம் நானூறு மீட்டர் ஓட்டம் இருக்கிறது. அவினாசி ரோட்டில் ட்யூனிங் கடை வைத்திருக்கும் மனோகரன் வாட்ஸ்ஆப் குரூப்பில், "அக்கா வண்டி ரோலர் மேலதான் ஓடும், ரோட்டுக்கு வராது" என்று போட்டான். அதன் கீழே நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். வண்டியை அவன் கடைக்குக் கொண்டுபோகப் போவதில்லை.

ஜூலை 10, புதன்

பேக்கரியில் டீயும் ரஸ்க்கும். இப்போதெல்லாம் ரஸ்க் என்ன மாவில் போடுகிறார்களோ, கடித்தால் மண்டைக்குள் ஜல்லி கொட்டுகிறது. சம்பத்திடம் சொன்னேன். "அதே மாவு, அதே மாஸ்டர்தான்" என்றார். அவர் என் வலது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பேசினார். எங்கே போனாலும் இப்போது வலது பக்கம்தான் நிற்கிறார். இடது பக்கத்தில் என்ன முள்ளா இருக்கிறது?

ஜூலை 14, ஞாயிறு

இன்று பெட்ரோல் மேப்.

மேப் என்பது லேப்டாப்பில் கட்டம் போட்ட அட்டவணை. மோட்டார் இத்தனை சுற்று சுற்றும்போது, டர்போ இவ்வளவு அமுக்கும்போது, இவ்வளவு பெட்ரோல் தெளி என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். கம்பெனி வண்டிக்கு யாரோ ஏசி ரூமில் உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள். நம் வண்டிக்கு நாம்தான். ஒரு கட்டம், ஒரு ஓட்டம், திரும்ப ஒரு கட்டம்.

பெட்ரோல் கூடினால் கரும்புகை கக்கித் திணறும், அது தொலையட்டும். குறைந்தால்தான் கெரகம். சிலிண்டருக்குள் சூடேறி, ஸ்பார்க் பற்றவைத்தது போதாதென்று மிச்சக் கலவை தன் பாட்டுக்கு வெடிக்கும். அதற்குப் பெயர் நாக். டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். கேட்ட நொடியே ஆக்ஸிலேட்டரை விட வேண்டும். விடாவிட்டால் பிஸ்டன் உருகும். ரோட்டில் போகும்போது உருகினால் மோட்டார் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிடும், மேலே இருக்கிறவளைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

நாக் அடிப்பதைக் கண்டுபிடிக்க சென்சார் உண்டு. போட்டுப் பார்த்தோம். இந்த மோட்டாரில் வால்வு தட்டினாலும் அலறுகிறது, சங்கிலி ஆடினாலும் அலறுகிறது. பிடுங்கிப் போட்டுவிட்டேன். அதனால் பழைய முறை. செப்புக் குழாய் ஒன்றைச் சிலிண்டரில் போல்டு போட்டு, அதன் மறுமுனையில் ரப்பர் டியூப் செருகி, டியூபைக் காதை மூடுகிற மஃப்பில் சேர்த்திருக்கிறேன். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரி. மேலே உட்கார்ந்தவளுக்கு ரோலர் உறுமலும் சைலன்சரும்தான் கேட்கும், ஆகவே ஜீவிதா என் கையைத்தான் பார்ப்பாள். கை இறங்கியிருந்தால் முறுக்கலாம். தூக்கினால் விட வேண்டும்.

இன்று பதினோரு ஓட்டம். கையைத் தூக்கவே இல்லை. சுத்தமான மோட்டார்.

முடிந்ததும் ஜீவிதா, "ஏனுங் அண்ணி முணுமுணுங்கறீங்க? சத்தமாச் சொல்லுங்" என்றாள். நான் நன்றாகத்தான் பேசினேன். என் குரல் எனக்கே மண்டை முழுக்கக் கேட்டது.

ஜூலை 17, புதன்

பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, ஞாயிற்றுக்கிழமை போட்ட சத்தத்தில் காது கிழிந்தது என்று சண்டை. சைலன்சர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது, இந்த அம்மாவுக்கு என்னமோ பொறாமை.

ஜூலை 21, ஞாயிறு

மனோகரன் வந்தான். பேக்கரியில் தேங்காய் பன் வாங்க வந்தானாம். அவன் வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் இருபது பேக்கரி இருக்கிறது.

கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜீவிதா நாலாவது கியரில் முறுக்கிக்கொண்டிருந்தாள், டர்போ முள் ஏறிக்கொண்டிருந்தது. நான் மஃப் மாட்டிக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து என் தோளைத் தட்டினான். மஃப்பை விலக்கினேன்.

"அக்கா, நாக் அடிக்குது. கேக்கலீங்களா?"

ஜீவிதா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் இருந்தது.

"கேக்குது" என்றேன். "தெரிஞ்சேதான் வுட்டிருக்கேன். எங்க வரைக்கும் தாங்குதுன்னு பாக்கோணுமல்ல."

"இவ்வளவுங்களா?"

"உன்ற சோலியப் பாரு மனோகரு. பன்னு ஆறிப்போயிரும்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஓட்டத்துக்கு எட்டு வாரம் இருக்கும்போது எதிராளி வந்து தலையில் குழப்பத்தைக் கொட்டுவான் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கட்டங்களில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பிஸ்டன் போய்விட்டது.

ஐந்தாவது ஓட்டத்தில் டர்போ முள் உச்சிக்குப் போனது, அப்படியே சரிந்தது. நீலப் புகை கொட்டகை முழுக்க. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஜீவிதா வண்டியிலிருந்து குதித்த பிறகுதான் எழுந்தேன். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டனின் நடுவில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. சுற்றிலும் எறும்பு அரித்த மாதிரி குழி குழியாக இருக்கிறது. ஒரே நாளில் அப்படி ஆகாது. இரண்டு மூன்று வாரமாக நாக் அடித்தால்தான் ஆகும்.

ஜீவிதா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ரோட்டுல ஆயிருந்தா?" என்று கேட்டாள். கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன், உதடு அப்படித்தான் அசைந்தது.

செப்புக் குழாயில் அடைப்பு என்று சொன்னேன். ரப்பர் டியூப் மடங்கிவிட்டது என்றும் சொன்னேன்.

ஜூலை 29, திங்கள்

குழாயில் அடைப்பு இல்லை. டியூபும் மடங்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பேரூர் ஆற்றுக்குப் போய் வரலாம் என்று சம்பத் ஸ்கூட்டரில் கூப்பிட்டார். புதுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்கூட்டர் காந்திபுரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் வாசலில் நின்றது.

"எனக்கு என்ன கேடு?" என்று கேட்டேன்.

அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு எனக்கு நேர் எதிரில் வந்து நின்று பேசினார். "ராத்திரி கொழந்தையாட்டம் தூங்கற வாணி. குக்கர் ஏழு விசில் அடிச்சும் நீ வர்றதில்ல. ஒரு வருசமா நான்தான் அடுப்ப அணைக்கறேன். உன்னோட சண்ட போட எனக்குத் தெம்பு இல்லாமத்தான் சும்மா இருந்தேன். நேத்து ஜீவி அந்தப் பிஸ்டனக் காட்டுனா."

சண்டை போட எனக்கும் தெம்பு வரவில்லை. உள்ளே போனோம்.

கண்ணாடி ரூமில் உட்கார வைத்துக் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அமுக்க வேலையே வரவில்லை. பிறகு டாக்டரம்மா இரண்டு கால் வைத்த இரும்புக் கவையைத் தட்டி, காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்றுமில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கோயில் மணி மாதிரி அதிர்ந்தது. திடுக்கிட்டுப் போனேன்.

நரம்பு நன்றாக இருக்கிறதாம். நடுக்காதில் இருக்கிற குட்டி எலும்பு இறுகி அசையாமல் போய்விட்டதாம், இரண்டு பக்கமும். ஆபரேஷன் செய்யலாம், இல்லாவிட்டால் மெஷின் வைக்கலாம் என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆற்றுக்குப் போகவில்லை. சேலைதான் வீண்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

யோசிக்க ஒன்றுமில்லை. மோட்டாரை ட்யூன் செய்கிறவள் காதில் மெஷின் மாட்டிக்கொண்டு போய் நின்றால் குரூப்பில் நாற்பது பேர் இல்லை, நானூறு பேர் சிரிப்பார்கள். பதினாறு வருடம் காதை வைத்துச் சோறு தின்றவள் நான். கேட்காது என்று யாராவது வாயைத் திறந்து சொல்லிப் பார்க்கட்டும். இதை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. கோபத்தில்தான் அப்படி அழுத்துகிறேன். பயத்திலும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

டெஸ்டிங்கில் ஒரு பம்பு. இரண்டு கையாலும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஸ்க்ரூட்ரைவரை வைக்க இடமில்லை. மரக் கைப்பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தேன். அதன் முனை, ஓடிக்கொண்டிருந்த பம்பின் மேல் பட்டது.

மண்டைக்குள் பேரிங் கேட்டது.

எட்டு குண்டும் தனித்தனியாகக் கேட்டது. ஒன்றில் சொறி இருக்கிறது, அது சுற்றி வரும்போதெல்லாம் கரக்கென்றது. வாயை எடுத்தேன், ஒன்றுமில்லை. மறுபடி கடித்தேன், கரக். குழாயை விட்டுவிட்டேன், தண்ணீர் பீய்ச்சி அடித்து முழுசாக நனைந்தேன். சூப்பர்வைசர் எதற்கோ கத்தினார். நான் பாட்டுக்குக் கடித்துக்கொண்டே நின்றேன்.

டாக்டரம்மா கவையை எலும்பில்தான் வைத்தார். ரஸ்க் மண்டைக்குள் கொட்டியதும் எலும்பு வழியாகத்தான். வாசற்கதவு துருப்பிடித்து இறுகிவிட்டது, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சுவர் வழியாகப் பேசினால் போதும்.

பம்பைப் பிரித்தார்கள். குண்டில் சொறி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

லேத்தில் ஒரு கம்பி கடைந்தேன். முழ நீளத்துக்குக் கொஞ்சம் மேலே, எஃகு. சூடு ஏறாமலும் பல் கூசாமலும் இருக்க, கடிக்கிற முனைக்குக் கொய்யாக் கட்டையில் கைப்பிடி. சொல்லி வைத்த புதுப் பிஸ்டனும் நேற்றே வந்துவிட்டது. மோட்டாரைப் பூட்டினோம்.

கம்பி எதற்கு என்று ஜீவிதா கேட்டாள். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். காது போய் ஒரு வருடமாவது இருக்கும், எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை என்றேன்.

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். என் முகத்துக்கு எதிரில் வந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், நான் தப்பவிடக் கூடாது என்று.

"காது கேக்கலைங்கறதுக்கு எனக்குக் கோவமில்லீங் அண்ணி. மனோகரண்ணன் நாக் அடிக்குதுன்னாங்க. நீங்க தெரிஞ்சேதான் வுட்டிருக்கேன்னீங்க. நான் உங்க கையப் பாத்துட்டே முறுக்குனேன். உங்களுக்கு ரவுசு காட்டறதுக்கு என்ற உசுருதான் கெடச்சுதுங்களா?"

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஜீவிதா வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. எடுத்தால் மட்டும் எனக்கு என்ன கேட்டுவிடப் போகிறது.

சும்மா உட்கார முடியாது. சம்பத்தை வண்டியில் ஏற்றினேன். பேக்கரி ஏப்ரனோடு, மாவுக் கையோடு உட்கார்ந்தார். ஆக்ஸிலேட்டரைத் தொடுவதற்கு முன் முருகா முருகா என்கிறார், அது உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது. இரண்டாவது கியருக்கு மேல் போக மாட்டேன் என்றுவிட்டார். ஆனாலும் நான் சிலிண்டரில் கம்பியை ஊன்றி, கட்டையைக் கடித்துக்கொண்டேன்.

எல்லாம் கேட்டது. இன்ஜெக்டர் டிக் டிக் என்கிறது. வால்வு மூடுகிறது. டர்போ விசிறி சுற்றி ஏறுகிற மெல்லிசு ஊளை கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பத் பயந்துபோய் வண்டியை அணைத்துவிட்டார்.

"ஏனுங், அணைக்காதீங்க" என்று கத்தினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகப் பேசினேன் போலிருக்கிறது, பேக்கரி மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் ஜீவிதா வந்தாள். பின்னாலேயே மனோகரன், கையில் பெட்டியோடு.

"இவன் எதுக்கு?" என்றேன்.

ஜீவிதா என் எதிரில் நின்றாள். "நான் ஓட்டோணுமின்னா எனக்கு நம்பிக்க வரோணும். லேப்டாப் இன்னைக்கு என்ற கையில. ஸ்பார்க் டைமிங்க நான் மாத்துவேன், சில தடவ மாத்த மாட்டேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அவங்களும் அவங்க மெஷின்ல கேப்பாங்க. நாக் கேட்டா ரெண்டு பேரும் கையத் தூக்குங்."

ஸ்பார்க் விழும் நேரத்தை முன்னால் இழுத்தால் நாக் வரும். அதைத்தான் செய்யப் போகிறாள். எனக்குப் பரீட்சை. என் கொட்டகையில், நான் வெல்டு வைத்த வண்டியில், எதிராளியை வைத்துக்கொண்டு. போங்க வெளியே என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த வாயில்தான் கம்பியைக் கடிக்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

மனோகரன் தன் பெட்டியிலிருந்து மைக் ஒன்றைச் சிலிண்டரில் ஒட்டி ஹெட்போன் மாட்டிக்கொண்டான். நான் மண்டியிட்டுக் கடித்தேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

முதல் ஓட்டம் சுத்தம். இரண்டாவது ஓட்டத்தில் டர்போ முள் பாதி ஏறும்போது மண்டைக்குள் கூழாங்கல் உருண்டது. கை தன்னால் போயிற்று. மனோகரன் கையும் தூக்கியிருந்தது. ஜீவிதா சட்டென்று விட்டாள். மூன்றாவது சுத்தம். நான்காவதில் மெல்லிசாக ஒன்றே ஒன்று, ஒரு மணல் பருக்கை மாதிரி. தூக்கினேன். மனோகரன் அப்புறம்தான் தூக்கினான்.

ஐந்தாவதில் அவன் தூக்கினான், நான் தூக்கவில்லை.

ஜீவிதா வண்டியை நிறுத்தினாள். அவள் முகம் இறுகிப்போயிருந்தது.

"நல்லா டக் டக்குன்னு அடிச்சுதுங் அக்கா" என்று மனோகரன் ஹெட்போனைக் கழற்றினான். நான் பார்க்கட்டும் என்று விரலால் டேங்கின் மேல் தட்டிக் காட்டினான்.

"அடிச்சுது. அது நாக் இல்ல" என்றேன். "நாக் மேல இருந்து வரும், டர்போ ஏறுனா மட்டும் வரும். இது பக்கத்துல இருந்து வருது, முறுக்கினாலும் விட்டாலும் ஒரே மாதிரி அடிக்குது. சைலன்சர் பக்கத்து வால்வு நட்டு லூசாயிருச்சு."

"டைமிங்க இந்தத் தடவ நான் மாத்தலீங்" என்றாள் ஜீவிதா மெதுவாக. "ஆனா லூசான்னு தொறந்து பாக்கோணும்."

மோட்டார் ஆறுவதற்குள் மூடியைத் திறந்தோம். விரல் சுட்டது. நட்டை மனோகரனே தொட்டான், கையிலேயே சுற்றியது. ஸ்பானரை எடுத்து அவனே இறுக்கினான்.

நான் ஜீவிதாவிடம் போனேன். "அன்னைக்குச் சொன்னது பொய். கேக்கல. கேக்குதுன்னேன். இனி உங்கிட்ட அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் என்னை முறைத்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி, என் கையைப் பார்த்தாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மேப்பின் மேல்பாதியை முழுக்க மாற்றினேன். பழைய மேப்பில் எங்கெல்லாம் பெட்ரோல் பட்டினி போட்டிருக்கிறேன் என்று இப்போது கேட்கிறது. அந்தப் பிஸ்டன் அவ்வளவு நாள் தாங்கியதே பெரிது. டர்போ அமுக்கத்தையும் ஒரு படி குறைத்துவிட்டேன், யாருக்கும் நான் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. (நிரூபிக்க வேண்டும். ஆனால் ஜீவிதா முழுசாகத் திரும்பி வர வேண்டும்.)

பல் கொஞ்சம் வலிக்கிறது. கட்டையில் பல் தடம் விழுந்துவிட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

உடுமலைக்கு அந்தப் பக்கம், மூடிப்போன காற்றாலைக் கம்பெனியின் நீளமான தார் ரோடு. வண்டியோடு, தரையிலிருந்து பெயர்த்தெடுத்த ரோலரையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். ரோலரை எதற்கு என்று வழி முழுக்கச் சம்பத் புலம்பினார். அங்கே வெயிலும் வேறு மாதிரி, அங்கே அடித்த பெட்ரோலும் வேறு மாதிரி. ஓடுவதற்கு முன் ஒரு தடவை கேட்காமல் அவளை அனுப்ப மாட்டேன்.

டெம்போவின் மேலேயே வைத்து ஓட்டினோம். சத்தம் கேட்டு ஆள் சேர்ந்துவிட்டது. குரூப்பில் சிரித்த முகமெல்லாம் நேரில் வந்து நிற்கிறது. கம்பியைப் பையிலிருந்து எடுக்கக் கை ஒரு நொடி தயங்கியது. முப்பத்தொன்பது வயசுப் பொம்பளை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டெம்போ மேல் மண்டி போட்டு, கம்பியைக் கடிக்கப் போகிறாள். இதற்கு நாற்பது பேர் பார்வையாளர்கள்.

பார்த்துத் தொலையட்டும். கடித்தேன்.

முன்னால் நின்றவன் செல்போனைத் தூக்கினான். இன்னொருவன் பக்கத்தில் இருந்தவனிடம் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் குலுங்கினார்கள். அவர்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. காது போனதில் ஒரு சௌகரியம் இது. மோட்டார் கேட்டது. மூன்றாவது, நான்காவது, டர்போ முழுசாக ஏறி, அங்கேயே நின்று. கூழாங்கல் இல்லை, மணல் இல்லை. ஜீவிதா என் கையைப் பார்த்துக்கொண்டே முறுக்கினாள். கை மடியிலேயே இருந்தது. இந்தத் தடவை உண்மையாகவே.

கூட்டத்திலிருந்து மனோகரன் டெம்போவுக்கு வந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினான் என்று சம்பத் அப்புறம் சொன்னார். எனக்கு அவன் உதடு தெரிந்தது. "அக்கா, அந்தக் கம்பி எங்கிங் வாங்குனீங்க?"

"கம்பி லேத்துல கடஞ்சது" என்றேன். "பல்லு என்னுது. வெலைக்கு இல்ல."

ஜீவிதா கோட்டுக்குப் போனாள். பச்சை விளக்கு. எனக்கு எதுவும் கேட்கவில்லை, அவளுடைய முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைத்தான் பார்த்தேன். என் கையைச் சம்பத் எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்திருந்தார். நீலப் புகை வருகிறதா, நீலப் புகை வருகிறதா என்று கண் அதையே தேடிற்று. வரவில்லை. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பிரேக் விளக்கு எரிந்தது.

பன்னிரண்டு வினாடியும் சொச்சமும். மனோகரன் வண்டி எங்களை முந்திவிட்டது, அது நாலு சிலிண்டர், முந்தாவிட்டால்தான் கேவலம். நாங்கள் மூன்று தடவை ஓடினோம். மூன்று தடவையும் மோட்டார் தன் காலிலேயே திரும்பி வந்தது.

கடைசி ஓட்டம் முடிந்து திரும்பிய ஜீவிதா வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, என்னவோ சொன்னாள். காற்று வேறு அடித்தது, உதடும் சிரிப்பில் கோணிக்கொண்டிருந்தது. எனக்கு விளங்கவில்லை. கேட்கலை என்று கையை ஆட்டினேன். எல்லார் எதிரிலும்தான் ஆட்டினேன்.

அவள் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, தன் நெற்றியை என் நெற்றியில் ஒட்டி வைத்துக்கொண்டு திரும்பச் சொன்னாள்.

"வண்டி பிச்சுட்டுப் போவுதுங் அண்ணி."

மண்டைக்குள் கேட்டது, அவள் குரல். ஒரு வருடமாக நான் கேட்காத குரல், அடித்தொண்டைக் கரகரப்போடு அப்படியே.

செப்டம்பர் 16, திங்கள்

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நேரம் வாங்கச் சொல்லிச் சம்பத்திடம் சொல்லிவிட்டேன். ஆபரேஷனா மெஷினா என்று டாக்டரம்மாவே சொல்லட்டும். மெஷின் என்றால் அதையும் லேப்டாப்பில் மாட்டித்தான் ட்யூன் செய்வார்களாம், ஆளுக்கு ஒரு மேப்பாம். நல்லது. அந்த மேப்பை நான்தான் போடுவேன்.